இரண்டு நெல் ரகங்களும் ஒரு புரதச் சங்கிலியும்

2025 மே 4 அன்று புதுடெல்லியில் ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஆர்ஆர் தன் 100. இதற்குக் ‘கமலா’ என்று பெயர். இன்னொன்று, டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டிஎஸ்டி ரைஸ் 1. இரண்டும் மரபணு திருத்தம் செய்யப்பட்டவை.

அன்றிலிருந்து குழப்பம்தான். இது பி.டி. பருத்தி மாதிரியா? சோற்றில் ஏதோ புதுப் பொருள் கலந்துவிடுமா? ஒரு மரபணுவைத் தொட்டால் விளைச்சல் எப்படிக் கூடும்? ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ‘மரபணு’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். வயலில் நடக்கிற மாற்றம் புரதத்தின் வழியாக நடப்பது. எந்தப் புரதம், அது செடிக்குள் என்ன வேலை பார்த்தது, அது இல்லாமல் போனால் வேறு எங்கே இடிக்கும் என்று பார்த்தால்தான் இந்த ரகங்களைப் பற்றி ஒரு கருத்துக்கு வர முடியும். அதற்கான அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

மரபணுவும் புரதமும்

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். உயிரியலில் அது உணவுச் சத்து மட்டும் அல்ல. செல்லுக்குள் நடக்கும் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் புரதம்தான் ஆள். சர்க்கரையை மாவாக்குவது, உப்பை வெளியே தள்ளுவது, மழை வருகிறதா வறட்சி வருகிறதா என்று உணர்வது எல்லாமே புரதங்களின் பொறுப்பு.

இருபது வகை அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோக்கப்பட்டு, அந்த மாலை தானாகவே மடங்கி ஒரு வடிவம் எடுக்கிறது. அதுதான் புரதம். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று சொல்லும் எழுத்து வரிசைதான் மரபணு. மூன்று டிஎன்ஏ எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்.

வேரில் உள்ள செல்லிலும் கதிரில் உள்ள செல்லிலும் மரபணுக்கள் ஒன்றேதான். ஆனால் எந்த மரபணுவிலிருந்து எப்போது, எவ்வளவு புரதம் தயாராகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். வேர் வேராகவும் கதிர் கதிராகவும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

நெல்லின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து முடித்த சர்வதேசக் குழு 2005-இல் முடிவுகளை வெளியிட்டது. ஜப்பானின் நிப்பொன்பாரே ரகத்தில் படித்தார்கள். 12 குரோமோசோம்கள், சுமார் 38.9 கோடி எழுத்துகள், 37,544 மரபணுக்கள் என்று கணக்கு வந்தது. 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தது இந்தியக் குழு. கோதுமையின் மரபணுத்தொகுதி இதைப் போல சுமார் நாற்பது மடங்கு பெரியது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம், சோளம் எல்லாமே ஒரே புல் குடும்பம் என்பதால், சின்ன மரபணுத்தொகுதி கொண்ட நெல்லில் கற்றதை மற்ற தானியங்களுக்கும் கொண்டுபோக முடிகிறது. தாவர உயிரியலில் நெல்லுக்குத் தனி இடம் கிடைத்தது இதனால்தான்.

எழுத்து வரிசையைப் படித்ததோடு வேலை முடியவில்லை. 37,544 பெயர்கள் கொண்ட வாக்காளர் பட்டியல் கையில் இருந்தால் அந்த ஊரில் யார் கொல்லர், யார் வைத்தியர், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்துவிடாது. கடந்த இருபது ஆண்டுகளாக நெல் ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது விவரத்தைத்தான்.

கமலாவில் நிறுத்தப்பட்ட நொதி

கமலாவின் தாய் ரகம் சம்பா மஹ்சூரி. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வந்த ரகம், எண் பிபிடி 5204. தமிழ்நாட்டு உழவர்கள் பிபிடி என்றே சொல்வார்கள். சன்ன அரிசி, நல்ல விலை.

அந்த ரகத்தில் திருத்தப்பட்டது சிகேஎக்ஸ்2 என்ற புரதத்துக்கான மரபணு. இது ஒரு நொதி, அதாவது ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். இதன் வேலை சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோனை அழிப்பது. சைட்டோகைனின் மூலக்கூறில் ஒரு வளையமும் அதிலிருந்து நீளும் ஒரு வாலும் இருக்கும். வாலை நொதி வெட்டிவிட்டால் ஹார்மோன் செத்துப்போகும்.

சைட்டோகைனின் செல் பிரிதலைத் தூண்டுவது. நெற்பயிர் பொதி கட்டுவதற்கு முன்பே, தண்டை நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளை நுனி தெரியும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பஞ்சு போலப் பூத்திருக்கும். அதுதான் பிற்காலக் கதிர். எத்தனை கிளை, எத்தனை மணி என்பது பெரும்பாலும் அந்த நுனியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அங்கே சைட்டோகைனின் கூடுதலாகத் தங்கினால் நுனி கூடுதல் நாள் பிரிந்துகொண்டே இருக்கும், கூடுதல் பூக்கள் உண்டாகும். சிகேஎக்ஸ்2 சுறுசுறுப்பாக வெட்டித் தள்ளினால் மணி குறையும்.

இதை முதலில் கண்டது 2005-இல், ஜப்பானில். ஹபடாக்கி என்ற ரகத்தின் கதிரில் மணிகள் மிக அதிகம், கோஷிஹிக்காரி ரகத்தில் குறைவு. இரண்டையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக வேறுபாட்டைத் துரத்திக்கொண்டே போன ஆய்வாளர்கள் வந்து நின்ற இடம் சிகேஎக்ஸ்2. ஹபடாக்கியில் அது இயல்பாகவே பலவீனமாக இருந்தது. யாரும் திருத்தவில்லை. உழவரும் பயிர்ப் பெருக்கக்காரரும் மணி அதிகமுள்ள செடியைத் தேர்ந்தெடுத்தபோது, தெரியாமலேயே பலவீனமான நொதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கமலாவில் அதே காரியம் கிரிஸ்பர் கத்திரியால், அதாவது டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியால், குறிவைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. பி.டி. பருத்தியில் மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு நுழைக்கப்பட்டு, பருத்தியில் முன்பு இல்லாத ஒரு புரதம் உண்டாகிறது. கமலாவில் புதுப் புரதம் எதுவும் இல்லை. இருந்த ஒன்று செயலிழக்கிறது. அந்நிய டிஎன்ஏ மிஞ்சாத இவ்வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் மரபணு மாற்றப் பயிர்களுக்கான சில விதிகளிலிருந்து விலக்கு அளித்ததும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

சைட்டோகைனின் செடி முழுக்கத் தேவைப்படும் ஹார்மோன் ஆயிற்றே, அதை வெட்டும் நொதியை நிறுத்தினால் செடியே குலைந்துவிடாதா? நெல்லில் சிகேஎக்ஸ் குடும்பத்தில் 11 உறுப்பினர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேலை செய்யும் இடமும் நேரமும் வேறு. இரண்டாம் எண் நொதிக்குக் கதிர் நுனிதான் முக்கிய இடம். அதனால்தான் அதை நிறுத்தும்போது விளைவு பெரும்பாலும் கதிரோடு நிற்கிறது. புரதம் என்ன செய்கிறது என்பதோடு எங்கே செய்கிறது என்பதும் தெரிந்ததால் எடுத்த முடிவு இது.

டிஎஸ்டி: இலைத்துளையைத் திறந்து வைக்கும் புரதம்

பூசா டிஎஸ்டி ரைஸ் 1, எம்டியு 1010 ரகத்திலிருந்து வந்தது. இதில் திருத்தப்பட்ட புரதத்தின் பெயரே டிஎஸ்டி. வறட்சி, உப்பு இரண்டையும் தாங்குவதோடு தொடர்புடையது என்பதால் வந்த பெயர். தாங்க வைப்பது இந்தப் புரதம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது இருந்தால் தாங்கும் திறன் குறைகிறது, போனால் கூடுகிறது. தலைகீழாகப் புரிந்துகொள்ள எளிதான இடம் இது.

டிஎஸ்டி நொதி அல்ல. டிஎன்ஏ மீது உட்கார்ந்து, மற்ற மரபணுக்களை ‘வேலையைத் தொடங்கு’ என்று தூண்டும் வகையைச் சேர்ந்தது. துத்தநாக அணு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விரல் போல மடங்கியிருக்கும் பகுதி இதில் உண்டு. டிஎன்ஏவைப் பற்றுவது அந்த விரல்தான்.

2009-இல் சீன ஆய்வாளர்கள் விளக்கிய வரிசை இது:

1. இலைத்துளையின் இரு பக்கமும் காப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்தால் துளை மூடும்.
2. டிஎஸ்டி தூண்டும் மரபணுக்களில் சில, இந்தப் பெராக்சைடைச் சுத்தம் செய்யும் புரதங்களை உண்டாக்குகின்றன.
3. ஆகவே டிஎஸ்டி வேலை செய்யும்வரை பெராக்சைடு குறைவு, துளை திறந்தே இருக்கும்.
4. டிஎஸ்டி செயலிழந்தால் பெராக்சைடு தங்குகிறது, துளை மூடுகிறது, நீர் ஆவியாவது குறைகிறது. உப்பு நிலத்தில் நீரோடு சேர்ந்து மேலேறும் உப்பும் குறைகிறது.

பூசா ரகத்துக்கு முன்னோடியாக 2020-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில், டிஎஸ்டி மரபணுவில் 366 எழுத்துகள் நீங்கிய நெற்செடிகள் விவரிக்கப்பட்டன. மூன்றால் வகுத்தால் 122 அமினோ அமிலங்கள். அந்தச் செடிகளின் இலை அகலமாகவும், இலைத்துளைகள் குறைவாகவும் இருந்தன.

துளை மூடுவதில் ஒரு விலை இருக்கிறது. கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். தண்ணீர் தாராளமாக இருக்கும் வயலில் துளையை அரைகுறையாக மூடி வைத்திருக்கும் செடி, தேவையில்லாமல் பட்டினி கிடக்கிற ஆள் மாதிரி. இந்த ரகத்தின் பலன் உப்பும் களரும் உள்ள நிலத்துக்கு என்று அறிவிப்பிலேயே சொல்லப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நல்ல வாய்க்கால் பாசனம் உள்ளவர் இதை வாங்கி என்ன லாபம் என்று கேட்டால், கேள்வி சரிதான்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இரண்டு நிறுவனங்கள், இரண்டு தாய் ரகங்கள், இரண்டு நோக்கங்கள். ஒன்று மணிக்காக, ஒன்று வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக. ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது என்னவென்றால், டிஎஸ்டி தூண்டிவிடும் மரபணுக்களில் ஒன்று சிகேஎக்ஸ்2.

அதாவது டிஎஸ்டி மேலே, சிகேஎக்ஸ்2 அதற்குக் கீழே. டிஎஸ்டி தளர்ந்தால் கதிர் நுனியில் சிகேஎக்ஸ்2 குறையும், சைட்டோகைனின் தங்கும், மணி கூடும். இலையில் தண்ணீரைக் காக்கும் மாற்றமும் கதிரில் மணியைக் கூட்டும் மாற்றமும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

இதை முன்கூட்டி யாரும் ஊகித்திருக்க மாட்டார்கள். இலைத்துளை எங்கே, கதிர் நுனி எங்கே! ஒரு புரதத்துக்கு ஒரு வேலை என்று நினைத்துக்கொண்டு ஒன்றைத் திருத்தினால், தெரியாத இடத்தில் இன்னொன்று அசையும். இந்த முறை அசைந்தது நமக்குச் சாதகமாக அமைந்தது. எப்போதும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. நெல் புரத ஆய்வுக்குப் பணமும் பொறுமையும் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குட்டை நெல்லில் கிடைத்த பூட்டு

புரதத்தின் வடிவம்வரை போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நெல்லிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு.

ஒரு பூஞ்சை தொற்றினால் நெல் நாற்று வெளிறி, மற்ற நாற்றுகளை மீறி மெலிந்து உயரும். ஜப்பானியர் இதை ‘பகானே’ என்றார்கள். அதற்குப் பைத்திய நாற்று என்று பொருள். 1926-இல் குரோசாவா, பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் இதைச் செய்கிறது என்று காட்டினார். அந்தப் பொருளுக்கு ஜிப்பெரெல்லின் என்று பெயர் வந்தது. பிறகுதான் தெரிந்தது, ஆரோக்கியமான செடியும் உயர்வதற்கு அதே பொருளைத் தானே தயாரிக்கிறது என்று.

செடி அந்த ஹார்மோனை எப்படி உணர்கிறது என்பது அதன் பின் சுமார் எண்பது ஆண்டுகள் விடையில்லாமல் இருந்தது. 2005-இல் நகோயா பல்கலைக்கழகத்தில், ஜிப்பெரெல்லின் கொடுத்தாலும் வளராத ஒரு குட்டை நெற்செடியிலிருந்து விடை வந்தது. அதில் பழுதாகியிருந்த புரதம் ஜிட்1. இதுதான் ஏற்பி, ஹார்மோனைப் பிடித்து உணரும் புரதம்.

2008-இல் அதன் படிக வடிவம் வெளியானது. ஒரு குழிவான பை, அதற்குள் ஜிப்பெரெல்லின் கச்சிதமாக அமர்கிறது, உடனே புரதத்தின் ஒரு முனை மூடி போல மேலே கவிழ்கிறது. கவிழ்ந்த மூடியின் வெளிப்பக்கம்தான் அடுத்த புரதத்துக்குப் பிடிமானம். அந்த அடுத்த புரதம் எஸ்எல்ஆர்1, வளர்ச்சிக்கு பிரேக். ஜிட்1 அதைப் பிடித்ததும் செல்லின் குப்பை அகற்றும் அமைப்பு அதைச் சிதைத்துவிடும். பிரேக் போனால் செடி உயரும்.

ஜிட்1-இன் வடிவம், கொழுப்பைப் பிளக்கும் நொதிக் குடும்பத்தின் வடிவத்தை ஒத்திருக்கிறது. கொழுப்பை வெட்டத் தெரிந்த ஒரு பழைய நொதியின் குழியைத்தான் பரிணாமம் ஹார்மோனைக் கேட்கும் காதாக மாற்றியிருக்கிறது. எழுத்து வரிசையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது ஏதோ ஒரு நொதி என்றே தோன்றியிருக்கும்.

இது ஆய்வகத்தோடு நின்ற அறிவு அல்ல.

1. 1966-இல் வந்த ஐஆர் 8 நெல் ரகம் குட்டையாக இருந்ததற்குக் காரணம், ஜிப்பெரெல்லினைத் தயாரிக்கும் ஒரு நொதியின் குறை. 2002-இல் அது அடையாளம் காணப்பட்டது.
2. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் ஹார்மோன் குறையவில்லை. பிரேக் புரதம் சிதையாதபடி மாறியிருந்தது. இரண்டு பயிரும் குட்டையானது ஒரே பாதையின் இரண்டு இடங்களில்.
3. வெள்ளத்தில் மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் தாங்கும் நெல்லில் உள்ள புரதம் சப்1ஏ. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ ரகத்தில் இருந்தது, 2006-இல் அடையாளம் காணப்பட்டது. இது அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. செடி நீருக்குள் வளராமல் மாவைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கிறது. காவிரிப் படுகையில் சம்பாவுக்கு விதைக்கும் சிஆர் 1009 சப் 1 ரகத்தின் பெயரில் உள்ள ‘சப் 1’ இதுதான்.
4. ஆழ்நீர் நெல்லில் உள்ள ஸ்னார்க்கல் புரதங்கள் சப்1ஏ-யின் குடும்பத்தையே சேர்ந்தவை. ஆனால் அவை நேர் எதிராக, வளர்ந்து நீருக்கு மேலே தலையைத் தூக்கு என்கின்றன. ஒரே குடும்பம், ஒரே வெள்ளம், இரண்டு முடிவுகள். சில நாள் வெள்ளத்துக்கு முதலாவது நல்லது, மாதக்கணக்கில் நிற்கும் நீருக்கு இரண்டாவது நல்லது.

புரதத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

இலையை அரைத்து, புரதங்களைக் கரைத்து, ஜெல் மீது மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் எடைக்கு ஏற்பப் பட்டைகளாக நிற்கும். நெல் இலையில் முதலில் கண்ணில் படுவது ஒரு தடித்த, மை கொட்டியது போன்ற பட்டை. அது ரூபிஸ்கோ, கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி. இலையில் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி இது ஒன்றுதான். டிஎஸ்டி போன்ற கட்டளைப் புரதங்கள் மிக மிகக் கொஞ்சம். கல்யாணக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் குரலைத் தேடுவது போன்ற வேலை. அதனால் அந்தப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் உண்டாக்கி, பிரித்து, படிகமாக்கி, எக்ஸ் கதிரில் பார்ப்பது வழக்கம். படிகமாக மறுக்கும் புரதங்களில் ஆண்டுகள் போய்விடும்.

ஆகவே கணினி. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, உலகெங்கும் தன்னார்வலர்கள் சும்மா விட்டிருந்த கணினிகளின் நேரத்தைக் கடன் வாங்கி, நெல் புரதங்களின் வடிவங்களைக் கணிக்கத் தொடங்கியது. 2010வரை அது நடந்தது. செயற்கை நுண்ணறிவால் புரத வடிவங்களைக் கணித்து 2021 ஜூலையில் வெளியான ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தின் முதல் தொகுதியிலேயே நெல்லின் புரதங்களும் இருந்தன. இன்று ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியில் எந்த நெல் புரதத்தின் கணித்த வடிவத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எனக்கு இது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் மாற்றம்.

ஆனால் வடிவம் தெரிந்தால் பாதிதான். அந்தப் புரதம் எந்தச் செல்லில், எந்த நாளில், யாரோடு சேர்கிறது என்பதைக் கணிப்பு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வயல் வேண்டும், அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்த செடி வேண்டும், பருவம் பருவமாகக் காத்திருக்க வேண்டும்.

இந்த ரகங்களிடம் கேட்க வேண்டியவை

கமலா தாய் ரகத்தைவிட 19 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தரும், 20 நாள் முன்பே முதிரும் என்பது அறிவிப்பில் சொன்னது. புரதத்தின் வேலை தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. மணி எண்ணிக்கை கூடினால் எல்லாம் பால் பிடித்து முற்றுகிறதா? கூடுதல் பூக்களை உண்டாக்குவது சைட்டோகைனின். அவற்றை நிரப்ப மாவு தர வேண்டியது இலை. இலையால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் கூடுவது பதர்தான்.
2. கனத்த கதிரைத் தண்டு தாங்குமா? 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மணி கூட்டும் மாற்றத்தையும் ஐஆர் 8-இன் குட்டை மாற்றத்தையும் ஒரே செடியில் சேர்த்தார்கள். பயிர் சாய்ந்துவிடும் என்ற கவலைதான் காரணம்.
3. டிஎஸ்டி தளர்ந்த பயிர், நல்ல தண்ணீர் உள்ள வயலில் தாய் ரகத்துக்குச் சமமாக விளைகிறதா? களர் நிலத்தின் எண்ணை மட்டும் காட்டினால் போதாது.
4. பெராக்சைடு, நோய்க்கிருமி வரும்போது செடி பயன்படுத்தும் எச்சரிக்கைச் செய்தியும்கூட. அதன் அளவு மாறிய செடி குலைநோய்க்கும் இலைக்கருகலுக்கும் எப்படி நடந்துகொள்கிறது?

இவை எல்லாவற்றுக்கும் விடை, ஊர் ஊராக, பருவம் பருவமாக நடந்த வயல் சோதனைகளின் எண்களில்தான் இருக்க முடியும். சராசரி ஒன்றை மட்டும் தராமல், ஒவ்வொரு இடத்தின் எண்களையும், விளைச்சல் குறைந்த இடங்கள் உட்பட, பொதுவில் வைக்க வேண்டும். விதை வாங்கப்போகும் உழவர் முதலில் பார்க்க வேண்டியது தன் நிலத்தை ஒத்த இடத்தின் எண்ணைத்தான்.